இடுப்பில் 'டக்'கென்று கேட்டால் உருவிவிடாதீர்கள்

தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் பக்கம் கபடி ஆடாத பையன்கள் குறைவு. அர்ஜுனா விருது பெற்ற கபடி வீரர் மணத்தி கணேசனின் மாவட்டம் ஆயிற்றே! ரெய்டு போன பையன் வேகமாக எட்டி உதைக்கிறான், இடுப்பில் 'டக்'கென்கிறது, காலை ஊன்ற முடியாமல் உட்கார்ந்துவிடுகிறான். "சுளுக்குதான்" என்று எண்ணெய் போட்டு உருவுகிறார்கள். அந்தக் கையைத்தான் முதலில் தடுக்க வேண்டும்.

13 முதல் 17 வயதில் இடுப்பெலும்பின் ஓரங்கள் முழுதாக ஒட்டியிருப்பதில்லை; இடையில் குருத்தெலும்புதான். அங்கே பிடித்திருக்கும் தசைநார் அதைவிட வலுவானது. ஓட்டத்திலோ உதையிலோ தசை சுண்டி இழுத்தால், நார் அறுவதற்குப் பதில் எலும்புத் துண்டே பெயர்ந்து வந்துவிடும். உருவினால் அது இன்னும் விலகலாம். பெரும்பாலும் ஒரு எக்ஸ்ரேயிலேயே தெரிந்துவிடும்.

உடனே அறுவை என்று பயப்படவும் வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு ஓய்வும், சில வாரம் ஊன்றுகோலும், பிறகு பிசியோதெரபியும் போதும். துண்டு சுமார் 2 செ.மீ.க்கு மேல் விலகியிருந்தால், குறிப்பாக உட்காரும் எலும்பில், ஸ்குரூ வைத்துப் பொருத்துவதைப் பற்றி மருத்துவர்கள் யோசிப்பார்கள். மாதக்கணக்கில் ஒட்டாமல் வலித்தாலும், நரம்பு அழுந்திக் கால் மரத்தாலும் அப்படித்தான். இந்த 2 செ.மீ. அளவில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனால் "எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது? அறுவை செய்யாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். சீழ் பிடித்தல், அருகிலுள்ள நரம்பில் காயம், ஸ்குரூவை எடுக்க இன்னொரு அறுவை ஆகிய அபாயங்களையும் கேட்டறிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் சம்மதம் பெற்றோருடையது. இன்னொரு மருத்துவரிடம் காட்டத் தடையில்லை. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்கு விதி.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. இந்த அறுவை அதில் அடங்குமா என்று சேர்க்கும் முன்பே கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 104 என்ற எண்ணை அழையுங்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும்போது கடன் வாங்கி ஓட வேண்டியதில்லை.

கட்டணம் வாங்கிய மருத்துவமனை அலட்சியம் காட்டினால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் செய்யும் இடத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது.

விளையாட்டு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குணமாகிக் களத்துக்குத் திரும்ப மாதங்கள் பிடிக்கும். மருத்துவர் சொல்லும் முன் மாவட்டப் போட்டிக்காக அந்தப் பிள்ளையைக் கூப்பிடாதீர்கள்.