சக்கரத்தின்மேல் ஒரு சமையலறை: கழுவுதொட்டிக்கு எந்த உலோகம்?

கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் ‘கேரவன் கேரளா’ என்னும் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. மறு ஆண்டே இடுக்கி மாவட்டத்து வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. கேரவன் என்றதும் படப்பிடிப்பு இடைவேளையில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியே நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். இக்கொள்கை குறிப்பிடும் கேரவனோ, படுக்கை, கழிப்பறை, உணவு மேசை, சிறு சமையலறை ஆகியவற்றுடன் குடும்பமாகத் தங்கிப் பயணம் செய்வதற்குரிய ஊர்தியாகும்.

நெய்யாற்றின்கரை, பாறசாலை, பெருங்கடவிளை ஆகிய எல்லைப்புற ஊர்கள், 1956 மாநிலப் பிரிப்பில் கேரளத்தோடு நின்றபோதிலும் தமிழும் மலையாளமும் கலந்து புழங்குபவை. வாடகைக்கு விடும் கேரவன் ஒன்றையோ, சிறு சரக்குந்தில் அமைந்த நடமாடும் உணவகம் ஒன்றையோ தொடங்க எண்ணுவோர் இங்கும் உளர். அவர்கள் கடன் விண்ணப்பத்தோடு அளிக்கும் விலைப்புள்ளியில் அடிச்சட்டம், இயந்திரம், மின்கலம் ஆகியவை பக்கம் பக்கமாக விவரிக்கப்பட்டிருக்கும். சமையலறைப் பகுதிக்கு வந்தால், ‘எஸ்.எஸ். சிங்க் – 1’ என்னும் ஒற்றை வரியோடு முடிந்துவிடும். அந்த வரியைத்தான் நாம் சற்று நின்று படிக்க வேண்டும்.

வீட்டுச் சமையலறையில் தொட்டி பழுதானால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரையும் குழாய்ப் பணியாளரையும் அழைத்து மாற்றிக்கொள்ளலாம். ஊர்தியில் நிலைமை வேறு. தொட்டியைச் சுற்றியே மேடை, அலமாரி, கழிவுநீர்க் கலம், எரிவாயுக் குழாய் ஆகியவை நெருக்கமாகப் பொருத்தப்படுகின்றன. ஒன்றைக் கழற்ற நான்கைப் பிரிக்க வேண்டும். அதுவரை ஊர்தி பணிமனையில் நிற்கும். ஒரு கணக்கு பார்ப்போம். 5 லட்சம் ரூபாய்க் கடன், 5 ஆண்டுத் தவணை, கணக்கிடுவதற்காக ஆண்டு வட்டி 11 விழுக்காடு எனக் கொண்டால், மாதத் தவணை ஏறத்தாழ 10,870 ரூபாய். நாளொன்றுக்கு 360 ரூபாய்க்குச் சற்று மேல். பத்து நாள் ஊர்தி ஓடாமல் நின்றால், வருமானமின்றியே 3,600 ரூபாய் தவணைக்கு எடுத்து வைக்க வேண்டும். இழந்த வாடகையும் பழுதுபார்ப்புச் செலவும் தனி.

எந்தப் பொருள் ஏற்றது என்பதைப் பார்ப்போம். வீடுகளில் இப்போது கிரானைட் கலவைத் தொட்டி விரும்பப்படுகிறது. குவார்ட்ஸ் துகளைப் பிசினோடு கலந்து வார்த்தெடுக்கும் இது கீறலையும் கறையையும் நன்கு தாங்கும், தோற்றமும் அழகு. ஆயினும் ஊர்திக்கு நாம் இதைப் பரிந்துரைக்க மாட்டோம். 40 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 18 செ.மீ. ஆழம் உள்ள தொட்டியை 1 மி.மீ. எவர்சில்வர் தகட்டில் செய்தால், விளிம்போடு சேர்த்து 4 கிலோவுக்குள் அடங்கும். அதே அளவைக் கலவையில் 9 மி.மீ. தடிமனில் வார்த்தால் 9 அல்லது 10 கிலோ ஆகும். ஊர்தியின் மொத்த எடை பதிவுச் சான்றில் வரையறுக்கப்பட்டிருக்க, நீரும் எரிவாயு உருளையும் ஏற்றிய பின் ஒவ்வொரு கிலோவும் எண்ணத்தக்கதே. எடையைவிடவும் பெரிய தடை அதிர்வு. பொன்முடிச் சாலையின் 22 கொண்டை ஊசி வளைவுகளிலும் குலுங்கி ஏறும் வண்டியில், பிடிமானத் துளைகளின் ஓரத்தில் இத்தகைய வார்ப்புப் பொருளில் விரிசல் காண வாய்ப்புண்டு. பீங்கான் தொட்டிக்கும் இதே குறைகள் உண்டு. இன்னும் கூடுதலாகவே உண்டு.

பிளாஸ்டிக் வகைகள் எடை குறைந்தவை, விலையும் குறைவு. தேநீர் மட்டும் போடும் வண்டிக்குப் போதும். ஏபிஎஸ், அக்ரிலிக் ஆகியவை 100 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பத்திலேயே இளகத் தொடங்குவன; பொரித்த எண்ணெய்ச் சட்டியோ அதற்கு மேல் 70, 80 டிகிரி கூடுதலாகச் சுடும். அவசரத்தில் அதைத் தொட்டியில் வைக்காத சமையற்காரர் எவரும் இலர். அலுமினியம் புளிக்கும் எலுமிச்சைக்கும் ஆற்றாது. எனாமல் பூசிய தகட்டில் ஒரு சில்லு பெயர்ந்தால் அங்கிருந்து துரு படரும்.

எஞ்சுவது எவர்சில்வர். தமிழர் இல்லங்களில் திருமணச் சீர் முதல் கோயில் அன்னதானம் வரை அதுவே புழங்குவதால், ‘எவர்சில்வர்தானே, எல்லாம் ஒன்றுதான்’ என்று கேளாமல் வாங்கிவிடுகிறோம். இடர் இங்கேதான் தொடங்குகிறது. எவர்சில்வரில் வெள்ளி சிறிதும் இல்லை. இரும்போடு கலந்த குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலமாக மேற்பரப்பை மூடுகிறது. கீறல் விழுந்தாலும் தானே மீண்டும் மூடிக்கொள்கிறது. அந்தப் படலம் எவ்வளவு உறுதியானது என்பது கலவையைப் பொறுத்தது.

304 என்னும் தரத்தில் குரோமியம் ஏறத்தாழ 18 விழுக்காடும் நிக்கல் 8 விழுக்காடும் உண்டு. நிக்கல் விலை மிகுந்தது. ஆகவே அதைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்யும் 200 வரிசைத் தகடுகள் சந்தையில் நிறைந்துள்ளன. 202 தரத்தில் நிக்கல் 4 முதல் 6 விழுக்காடு, மற்றும் சிலவற்றில் அதனினும் குறைவு. பளபளப்பில் இரண்டுக்கும் வேறுபாடு காண இயலாது. உலர்ந்த அலமாரியில் இருக்கும் தட்டுக்கு 202 போதுமானதே. அதைத் தாழ்வாகச் சொல்வதற்கில்லை. கழுவுதொட்டியின் வாழ்க்கை அத்தனை எளிதன்று. உப்பும் குடம்புளியும் சேர்ந்த மீன்குழம்புச் சட்டி இரவெல்லாம் அதில் ஊறும். உப்பிலுள்ள குளோரைடு, எவர்சில்வரின் படலத்தை ஊசிமுனை அளவில் துளைக்க வல்லது. நிக்கலும் குரோமியமும் குறைந்த தகட்டில் அந்தத் துளை விரைந்து ஆழமாகும்.

பெருங்கடவிளையை அடுத்த அருவிப்புறம் வழியே செல்லும் நெய்யாறு பூவாறில் கடலோடு கலக்கிறது. ஊருக்குள் இருக்கும் வீட்டுத் தொட்டி கடற்காற்றை அவ்வளவாக அறியாது. கேரவனோ விருந்தினரை ஏற்றிக்கொண்டு பூவாறிலும் கோவளத்திலும் கடற்கரை ஓரமாக இரவு முழுதும் நிற்கும். உப்புக்காற்று திறந்த சன்னல் வழியே தொட்டியில் படியும். ஆகவே வீட்டில் பத்தாண்டு உழைத்த தகடு ஊர்தியிலும் அவ்வாறே உழைக்கும் என்று எண்ணுவதற்கில்லை. எப்போதும் கடற்கரையிலேயே நிற்கப்போகும் ஊர்திக்கு, மாலிப்டினம் 2 விழுக்காட்டுக்கு மேல் சேர்ந்த 316 தரம் இன்னும் ஏற்றது. பிறவற்றுக்கு 304 போதும். அதற்குக் கீழே இறங்க வேண்டாம் என்பதே நமது கருத்து.

காந்தத்தை நம்பலாமா?

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. இது பாதி உண்மை. நிக்கல் இல்லாத 430 தரத்தை காந்தம் இறுகப் பிடிக்கும். அதை விலக்க இச்சோதனை உதவும். ஆனால் 202-இலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. மறுபுறம், அழுத்தி வார்ப்படமாக இழுத்த அசல் 304 தொட்டியின் மூலைகளில் சிறிது ஒட்டுவதும் உண்டு; அது போலியென்று பொருளன்று. தகட்டின்மீது ஒரு துளி சோதனைத் திரவமிட்டுச் சிறு மின்கலத்தைத் தொடுத்தால், மாங்கனீசு மிகுந்த 200 வரிசை சிவப்பாக மாறும். உலோக வணிகர்கள் பலர் இதைக் கடையிலேயே செய்து காட்டுவர். தொட்டியில் ‘304’ என்று பொறித்திருப்பது மட்டும் சான்றாகாது. வீட்டுப் பயன்பாட்டு எவர்சில்வர் தொட்டிகளுக்கு ஐ.எஸ். 13983 என்னும் இந்தியத் தர நிர்ணயம் உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருப்பின், அதனோடு உள்ள உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

தடிமனைக் ‘கேஜ்’ கணக்கில் கேட்பதைவிட மில்லிமீட்டரில் கேட்பது நல்லது. கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும் என்பதை அறியாமல், பெரிய எண்ணே சிறந்ததென வாங்கிவிடுவோர் உண்டு. 1 மி.மீ. இருந்தால் ஓட்டத்தில் தகடு அதிர்ந்து ஓசையிடுவது குறையும். அடிப்புறம் ரப்பர் அட்டை ஒட்டினால் மேலும் குறையும்.

ஊர்தியின் அளவுக்கேற்பப் பட்டறையில் தொட்டியைச் செய்து வாங்குவோர் பற்றவைத்த இணைப்புகளை உற்றுப் பார்க்க வேண்டும். பற்றவைக்கும்போது தோன்றும் நீல, பழுப்பு நிறப் பட்டையில் காப்புப் படலம் வலுவிழந்திருக்கும். தேய்த்தும் அமிலப் பசையிட்டும் அதை நீக்காவிடில், 304-ஆயினும் அங்கேயே முதல் துரு தோன்றும். தொட்டியை இறுக்கும் திருகுகளும் எவர்சில்வராகவே இருக்கட்டும். நல்ல தொட்டியைச் சாதாரண இரும்புத் திருகில் தொங்கவிட்டால், திருகு துருப்பிடித்து ஒரு நாள் கழன்றுவிடும். இரும்பு நார் கொண்டு தேய்ப்பதும், கழிப்பறை ஆசிட்டை ஊற்றுவதும், பிளீச்சிங் தூளை இரவு முழுதும் ஊற விடுவதும் எந்தத் தரத்துக்கும் ஒவ்வா.

இனி விலைப்புள்ளிக்குத் திரும்புவோம். ‘304 தரம், 1 மி.மீ. தடிமன், நீள அகல ஆழம், தயாரிப்பாளர் பெயர், உத்தரவாதக் காலம்’ என்று அந்த ஒரு வரி விரிந்திருக்குமாறு கேட்டு வாங்குங்கள். விலைச்சீட்டிலும் அவ்வாறே எழுதப்பட்டிருந்தால், பின்னாளில் குறை தோன்றும்போது கேட்க உங்களுக்கு ஆதாரம் இருக்கும். முத்ரா திட்டத்தில் கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரையும், தருண் பிரிவில் 10 லட்சம் வரையும், முந்தைய தருண் கடனைச் செவ்வனே திருப்பிச் செலுத்தியோருக்கு 20 லட்சம் வரையும் கடன் பெறலாம். எந்தப் பிரிவாயினும் விவரமான விலைப்புள்ளி பரிசீலனையை விரைவுபடுத்தும். பழைய ஊர்தியை மாற்றியமைப்பதாயின், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் தேவை என்பதால், பட்டறைக்கு முன்பணம் கொடுக்கும் முன்னரே அதனை உறுதிசெய்துகொள்ளுங்கள். மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, அதன் படியைக் கிளையில் உள்ள உங்கள் கடன் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.