அவிஞ்ஞோன் அனுப்பிய ஆணை

நடு அந்தமானின் ரங்கத்தில் வாழும் கத்தோலிக்கர்களுக்கும் உரிய போர்ட் பிளேர் மறைமாவட்டத்தை ரோம் 1984இல் அமைத்தது. ஆணை வந்தது, ஆயரும் வந்தார். ரோமுக்கும் இந்தத் தீவுகளுக்கும் இடையே உள்ள தூரம் அதற்குத் தடையாக இல்லை. இந்திய மண்ணில் பாப்பரசர் ஒருவர் முதன்முதலாக லத்தீன் மறைமாவட்டம் அமைத்த கதை வேறு. அப்போது பாப்பரசர்கள் ரோமில் இல்லை, தென் பிரான்சின் அவிஞ்ஞோனில் இருந்தார்கள். அங்கிருந்து 22ஆம் யோவான் 1329 ஆகஸ்டில் கொல்லத்தை மறைமாவட்டமாக்கி, ஜோர்டானுஸ் கட்டலானி என்ற டொமினிக்கன் துறவியை ஆயராக நியமித்தார். மறு ஆண்டு, அவரை வரவேற்கும்படி கொல்லத்து நஸ்ரானிகளின், அதாவது தோமா கிறிஸ்தவர்களின், தலைவருக்கும் கடிதம் எழுதினார். பாப்பரசரின் கை எவ்வளவு நீளம் என்பதற்கு இதைச் சான்று காட்டுவது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தூரத்து ஊர்க்காரர்கள் மனமுவந்து கொடுத்த அளவுதான் அங்கே அவருடைய அதிகாரம்.

ஜியோவான்னி மரிஞ்ஞொல்லியின் குறிப்புகளே இதற்கு நல்ல சாட்சி. பாப்பரசர் 12ஆம் பெனடிக்ட் 1338இல் சீனாவுக்கு அனுப்பிய தூதர் அவர். திரும்பும் வழியில் கொல்லத்தில் ஓராண்டுக்கு மேல் தங்கினார். மிளகு எடை போடும் உரிமை அங்கே தோமா கிறிஸ்தவர்களிடம் இருந்தது. அந்த வருவாயிலிருந்து மாதம் 100 பொற்பணமும், புறப்படும்போது 1000 பணமும் தந்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். பாப்பரசரின் தூதருக்குப் படியளந்தது கொல்லத்து மிளகுத் தராசு! அவர் பாப்பரசரின் சின்னம் பொறித்துக் கல்தூண் நட்டதும் அந்த ஆதரவில்தான். மேலிடத்துத் துணையும் நிலைக்கவில்லை. கொல்லம் மறைமாவட்டம் பாரசீகத்தின் சுல்தானியா பேராயத்துக்குக் கீழே வைக்கப்பட்டிருந்தது. 1335க்குப் பிறகு அங்கே மங்கோலிய ஆட்சி சிதறியது. நிலவழித் தொடர்பும் தளர்ந்தது.

இந்தியா ஐரோப்பாவுக்கு வெளியே இருந்தது, ஐரோப்பாவுக்குள் பாப்பரசர் உண்மையாகவே ஆண்டார் என்று மறுக்கலாம். அவருடைய வரி வசூலிப்பவர்கள் நார்வே வரை போனது உண்மைதான். கிரீன்லாந்தின் கார்தார் மறைமாவட்டம் தசமபாகத்தை வால்ரஸ் தந்தமாகவும் தோலாகவும் கட்டியது. ஆனால் 1492இல் 6ஆம் அலெக்சாண்டர் எழுதிய கடிதமே, அங்கே 80 ஆண்டுகளாகக் கப்பல் போனதில்லை என்கிறது. அப்படியிருந்தும் ஆயர் நியமனம் மட்டும் நின்றபாடில்லை. பக்கத்து இங்கிலாந்தும் பணிந்துவிடவில்லை. திருச்சபைப் பதவிகளுக்குப் பாப்பரசர் ஆள் நியமிப்பதை 1351இல் சட்டம் போட்டுத் தடுத்தது. ஆகவே தூரத்தைக் கடல் மைலில் மட்டும் அளந்தால் போதாது.

அப்படியானால் அந்த ஆணை வெறும் காகிதமா என்று கேட்கலாம். அப்படித் தள்ளிவிடவும் முடியாது. 1886இல் ரோம் கொல்லத்தை மீண்டும் மறைமாவட்டமாக்கியபோது, அதற்கு ஐந்நூறு ஆண்டுப் பழமையைச் சொல்லிக்கொள்ள முடிந்தது. காகிதத்துக்குப் பின்னால் கப்பலும் பீரங்கியும் நின்ற காலமும் இடையில் வந்துபோனது. போர்ச்சுகீசியர் துணையோடு லத்தீன் திருச்சபையினர் 1599இல் உதயம்பேரூரில் மன்றம் கூட்டி, தோமா கிறிஸ்தவர்களை லத்தீன் ஆட்சிக்குள் கொண்டுவந்தார்கள். அவர்களில் பெருங்கூட்டம் 1653இல் மட்டாஞ்சேரியில் கூனன் குரிசு என்ற சிலுவை முன்னால் திரண்டு, இனி லத்தீன் பேராயருக்குக் கீழ்ப்படிய மாட்டோம் என்று சத்தியம் செய்தது.