ஐம்பதைத் தாண்டிய உடம்பு – 9: நாலுக்கு மேலே போனால்?

இரவில் நாலு தடவை எழுந்து பாத்ரூம் போகிறவர்களைப் பற்றிப் போன வாரம் எழுதினேன். அதைப் படித்துவிட்டு எங்கள் தெரு நண்பர் லேப் ரிப்போர்ட்டோடு வந்து நின்றார். 62 வயது. மகன் ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’புக்குப் பணம் கட்டி அனுப்பியிருக்கிறான். மூன்றாம் பக்கத்தில் ‘பி.எஸ்.ஏ. 6.8’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. புராஸ்டேட் புற்றைத் தேடும் ரத்தப் பரிசோதனை இது. நாலுக்குள் இருக்க வேண்டுமாம்.

“சார், நான் படுத்தா விடியறவரைக்கும் எந்திரிக்க மாட்டேன். எனக்கு எப்படி சார்?”

அவர் குழம்பியதில் தப்பில்லை. புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்கு அடியில் பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கிற சுரப்பி. நடுவே சிறுநீர்க் குழாய் ஓடுகிறது. வயது ஏற ஏற, குழாயை ஒட்டிய உட்பகுதி பருத்துக் குழாயை நெரிக்கும். ராத்திரித் தூக்கம் கெடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இது புற்று இல்லை. புற்று அநேகமாக முளைப்பது வெளி விளிம்பில். ஆரம்பத்தில் அது குழாயைத் தொடுவதே இல்லை, அதனால் ஒரு சத்தமும் வராது. சிலருக்கு முதுகுவலி, இடுப்புவலி என்று எலும்புக்குப் போன பிறகுதான் தெரியும். ஆக, எழுந்து நடக்கிறவர் பயப்படுவதும் நன்றாகத் தூங்குகிறவர் நிம்மதியாக இருப்பதும் தப்புக் கணக்கு.

அதற்காக 6.8 என்றால் புற்று என்றும் ஆகிவிடாது. பி.எஸ்.ஏ. அந்தச் சுரப்பி தயாரிக்கும் சாதாரணப் புரதம். சுரப்பி பருத்தாலும் ஏறும், சிறுநீரில் கிருமி இருந்தாலும் ஏறும். முந்தின நாள் தாம்பத்யம்கூடக் கொஞ்சம் ஏற்றிவிடும். புராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டரைடு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எண் பாதியாகக் காட்டும். அதை டாக்டரிடம் சொல்லாமல் விட்டால் ஆபத்து. நண்பருக்குப் பத்து நாள் முன்னால் நீர்க்கடுப்பு இருந்ததாம். பேக்கேஜில் அதை யார் கேட்டார்கள்?

இந்த ரத்தப் பரிசோதனை மீதே பெரிய சண்டை உண்டு. 1970இல் இந்தப் புரதத்தைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆப்ளினே, ஆண்கள் எல்லோருக்கும் இதைச் செய்வதை எதிர்த்து 2010இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் எழுதினார். அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. இந்தப் புற்றுகளில் பல, ஆமை வேகத்தில் நகர்ந்து ஆளைக் கொல்லாமலே விட்டுவிடுபவை. அவற்றையும் வெட்டி, சிறுநீர் அடக்க முடியாமலும் ஆண்மை போயும் நின்றவர்கள் ஏராளம். மறுபக்கம், எட்டு ஐரோப்பிய நாடுகளில் 23 ஆண்டு தொடர்ந்த ஆய்வு 2025இல் சொன்ன கணக்கு: 456 பேரைப் பரிசோதனைக்கு அழைத்தால் ஒரு சாவு தடுக்கப்படுகிறது. குறைச்சல்தான். அந்த ஒருவர் நம் வீட்டுக்காரர் என்றால் குறைச்சல் இல்லை.

இப்போது வழி கொஞ்சம் தெளிந்திருக்கிறது. எண் ஏறினால் முதலில் மறுபரிசோதனை, பிறகு எம்.ஆர்.ஐ., தேவையென்றால் மட்டும் பயாப்ஸி. புற்று சாதுவானது என்று தெரிந்தால், கத்தி எடுக்காமல் கண்காணித்துக்கொண்டே இருக்கலாம். பிரிட்டனில், புற்று சுரப்பிக்குள்ளேயே இருந்த 1,643 பேரை 15 ஆண்டு பின்தொடர்ந்தார்கள். அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என எந்த வழியில் போனவர்களிலும் இந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 3 சதவீதம்தான்.

“சரி, வராம இருக்க ஏதாச்சும் மாத்திரை?” என்றார் நண்பர். அமெரிக்காவிலும் கனடாவிலும் 35,000 பேருக்கு மேல் வைட்டமின் ஈ, செலினியம் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லையென்று 2008இல் நிறுத்தினார்கள். 2011இல் பார்த்தால், வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களிடம் புற்று 17 சதவீதம் அதிகம்! புட்டியில் அடைத்து வருவதை நான் நம்புவதில்லை. தொப்பை, சிகரெட் இரண்டையும் குறைத்தால் முரட்டு வகைப் புற்றால் சாகும் வாய்ப்பு குறைகிறது. நடை, காய்கறி எல்லாம் இதயத்துக்காகவாவது ஆகும்.

யூராலஜிஸ்ட்டிடம் நானும் கூடப் போனேன். ஆறு வாரம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொன்னார். “அப்பா, அண்ணன் தம்பி யாருக்காவது இது இருந்ததா?” என்று கேட்டார். இருந்திருந்தால் ஆபத்து இரட்டிப்பு. 45 வயதிலேயே பேச்சைத் தொடங்கியிருக்க வேண்டும்.

நண்பர் யோசித்தார். “அப்பாவுக்கு நீர் அடைச்சுப் போச்சு சார். இடுப்பு வலிக்குதுன்னு ரெண்டு மாசம் படுத்திருந்தாரு. என்ன வியாதின்னு யாரும் கேக்கல.”

வெளியே வந்ததும் செல்போனை எடுத்தார். கோவில்பட்டியில் இருக்கிற அத்தைக்கு ஒருவேளை தெரிந்திருக்கலாம் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.