எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் ஓர் எழுத்து

பள்ளி விழாவுக்குச் சுவரொட்டி தயாரிக்கும் மாணவர்கள் பலர், சதுரம் சதுரமாகத் தெரியும் தடித்த எழுத்துருவை விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள். அது பழைய வீடியோ கேம்களின் எழுத்து. இன்று அலங்காரமாகத் தெரியும் அவ்வடிவம், அன்று நினைவகப் பற்றாக்குறையால் உருவானது. இரும எண்களைக் கற்பிக்க அது நல்லதொரு கருவி.

வடிவம் பிறந்த விதம்

1970களில் நாணயம் போட்டு விளையாடும் இயந்திரங்களில் நினைவகம் மிகக் குறைவு. எனவே ஒவ்வோர் எழுத்தும் 8 வரிசை, 8 நிரல் கொண்ட கட்டத்துக்குள் அடக்கப்பட்டது. ஒளிரும் புள்ளி 1. ஒளிராத புள்ளி 0. ஒரு வரிசைக்கு 8 பிட், அதாவது ஒரு பைட். ஓர் எழுத்துக்கு 8 பைட்.

அடாரியின் துணை நிறுவனமான கீ கேம்ஸ் 1976இல் வெளியிட்ட ‘குவிஸ் ஷோ’ விளையாட்டின் எழுத்து வடிவம், நாம்கோ நிறுவனத்தின் விளையாட்டுகள் வழியே பரவியது. 1980இல் வந்த ‘பேக்-மேன்’ திரையிலும் அதைக் காணலாம். அதில் செங்குத்துக் கோடு 2 புள்ளி அகலம். கிடைக்கோடு 1 புள்ளி. அக்காலத் திரைகளில் ஒற்றைப் புள்ளிச் செங்குத்துக் கோடு மங்கலாகத் தெரியும் என்பதால் இந்தத் தடிமன் உதவியது. எழுத்துகளுக்கிடையே இடைவெளி வேண்டி ஒரு வரிசையும் ஒரு நிரலும் வெறுமையாக விடப்பட்டன.

வகுப்பறைச் செயல்பாடு

கணினி தேவையில்லை, கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். 8×8 கட்டம் வரைந்து ‘ப’ எழுதச் சொல்லுங்கள். முதல் ஆறு வரிசைகளும் 11000110. பத்தடிமான எண்ணில் 198. ஏழாவது வரிசை 11111110, அதாவது 254. எட்டாவது 0. இந்த எட்டு எண்களை மட்டும் அடுத்த குழுவிடம் கொடுங்கள். எழுத்தை அவர்கள் மீட்டெடுக்கும்போது, கணினிக்குள் எழுத்தும் எண்தான் என்பது தானே விளங்கும்.

அடுத்து மூன்று சுழி ‘ண’ எழுதச் சொல்லுங்கள். சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். 16×16 கட்டத்தில் எழுதினால் சுழிகள் துலங்கும். ஆனால் 256 புள்ளிகள், 32 பைட் தேவை. நான்கு மடங்கு!

பயன்படுத்தும்போது

இவ்வகை எழுத்துருவைத் தலைப்புக்கு மட்டும் பயன்படுத்தலாம். பத்திகளில் கண் சோர்ந்துவிடும். திரையில் 8, 16, 24 என எட்டின் மடங்காக அளவு வைத்தால் விளிம்புகள் தெளிவாக இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் ‘பிரஸ் ஸ்டார்ட் 2பி’ எழுத்துருவில் ஆங்கிலம், கிரேக்கம், ரஷ்ய எழுத்துகள் உண்டு, தமிழ் இல்லை. தமிழில் தட்டச்சு செய்தால் வேறோர் எழுத்துருவே தோன்றும்.

‘ப’ அடங்கிய கட்டத்தில் ‘ண’ ஏன் அடங்கவில்லை? குறை எழுத்திலா, கட்டத்திலா? இக்கேள்வியை மாணவர்களிடமே விட்டுவிடுங்கள். ஒரு கருவி யாருடைய எழுத்துக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டது என்று கேட்கப் பழகுவதும் கணினிக் கல்வியே.