கண்டெடுத்த பணத்தின் முதல் கடன் தேடுவது

2018 ஜூலையில் ஈரோட்டில், ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்பு படித்த ஏழு வயதுச் சிறுவன், சாலையில் கிடந்த பணக்கட்டை எடுத்துத் தன் ஆசிரியரிடம் கொடுத்தான். அதில் 50,000 ரூபாய் இருந்தது. பள்ளியிலிருந்து பணம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் போனது. செய்தி பரவியதும் நடிகர் ரஜினிகாந்த் சிறுவனையும் பெற்றோரையும் நேரில் அழைத்துப் பாராட்டி, அவனுடைய படிப்புச் செலவை ஏற்பதாக அறிவித்தார். அடுத்த ஆண்டு அந்த நிகழ்வு தமிழக அரசின் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றது. இத்தனை பாராட்டுக்கும் அவன் தகுதியானவன்தான். ஆனால் பாராட்டின் சத்தத்தில் அவன் செய்த காரியம் என்ன என்பது சரியாகக் கவனிக்கப்படவில்லை. பணத்தைத் தொலைத்தவர் யாரென்று அவனுக்குத் தெரியாது. ஆகவே உரியவர் கையில் அவன் கொடுக்கவில்லை. தேடக்கூடியவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தான். உரியவர் வந்து கேட்பதற்கு ஒரு வழியைத் திறந்து வைத்தான். கண்டெடுத்த பணத்தின் அறம் முழுவதும் அந்தச் செயலுக்குள் அடங்கியிருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா, கொடுத்துவிட வேண்டுமா என்பதெல்லாம் பிறகு வரும் கேள்விகள். உரியவரைத் தேடினோமா என்பதே முதல் கேள்வி.

கீழே விழுந்ததால் மட்டும் ஒரு பொருள் உடையவரை இழந்துவிடுவதில்லை. எடுத்தவருக்கு உடையவரைத் தெரியாது, அவ்வளவுதான். இது கொங்கு வட்டாரத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்பது இங்கே பணம் புழங்கும் விதத்தைப் பார்த்தால் புரியும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இன்னமும் பலருக்கு வாரக் கூலிதான், சனிக்கிழமை சம்பளம். அன்று மாலை டவுன் பஸ்ஸில் தவறிய மணிபர்ஸுக்குள் ஒரு குடும்பத்தின் ஏழு நாள் உழைப்பு இருக்கும்: வீட்டு வாடகை, மளிகைக் கடைப் பாக்கி, சீட்டுத் தவணை எல்லாம் அதற்குள்தான். ஈரோட்டில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாயில் முடியும் ஜவுளிச் சந்தைக்கும், வியாழக்கிழமை கருங்கல்பாளையத்தில் கூடும் மாட்டுச் சந்தைக்கும் வெளியூர்க்காரர்கள் ரொக்கத்தோடு வருகிறார்கள். அந்தப் பையில் இருப்பது பல நேரங்களில் வியாபாரியின் சொந்தப் பணமாகவும் இருக்காது. ஊரில் யாரோ நம்பிக் கொடுத்தனுப்பிய பணமாக இருக்கும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து இங்கே தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளி பணத்தைத் தொலைத்தால், எங்கே போய் யாரிடம் எந்த மொழியில் கேட்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. தொலைத்தவர் தேடி வரட்டும் என்று காத்திருப்பது, தேடத் தெரிந்தவருக்கு மட்டும் உதவும் நியாயம்.

சட்டமும் இதே இடத்தில்தான் நிற்கிறது. பலரும் நினைப்பதைவிடத் தெளிவாகவே நிற்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆவது பிரிவு, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்பவர், ஒப்படைக்கப்பட்ட பொருளை வைத்திருப்பவருக்கு நிகரான பொறுப்புடையவர் என்கிறது. தைக்கக் கொடுத்த துணிக்குத் தையல்காரர் எப்படிப் பொறுப்போ, அப்படி. அந்தப் பிரிவு பேசுவது பொருள்களைப் பற்றி. பணத்துக்கும் சேர்த்துக் குற்றவியல் சட்டம் பேசுகிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 403ஆவது பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆவது பிரிவாக நடைமுறையில் இருக்கும் விதி, கண்டெடுப்பதைக் குற்றமாக்கவில்லை. உரியவரிடம் சேர்ப்பதற்காக எடுத்து வைப்பவர் குற்றவாளி அல்ல என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. உரியவரைத் தெரிந்திருந்தும், அல்லது தெரிந்துகொள்ள வழியிருந்தும், பணத்தைத் தனதாக்கிக்கொள்வது குற்றம். நியாயமான அளவு தேடாமலும், உரியவர் வந்து கேட்க நியாயமான அவகாசம் தராமலும் தனதாக்கிக்கொள்வதும் குற்றம். பழைய பிரிவில் சிறையோ அபராதமோ இரண்டுமோ என்று இருந்தது. புதிய சட்டம் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறையோடு அபராதமும் என்று இறுக்கியிருக்கிறது.

அந்தப் பிரிவோடு சேர்ந்து வரும் உதாரணங்களைப் படிப்பது நல்லது. 1860இலிருந்து அவை சாரம் மாறாமல் வருகின்றன. நெடுஞ்சாலையில் கிடக்கும் ஒரு ரூபாயை, யாருடையது என்று தெரியாமல் ஒருவர் எடுத்துக்கொள்கிறார், குற்றமில்லை. கடிதத்துக்குள் இருக்கும் பண நோட்டை எடுத்தவர், கடிதத்தின் முகவரியைப் பார்த்தும் வைத்துக்கொண்டால் குற்றம். ஒருவர் பர்ஸைத் தவறவிடுவதைக் கண்ணால் பார்த்து, கொடுத்துவிடலாம் என்றே எடுத்து, பிறகு மனம் மாறி வைத்துக்கொண்டாலும் குற்றம். விலை மதிப்புள்ள மோதிரத்தைக் கண்டெடுத்தவர், உரியவரைத் தேடாமல் உடனே விற்றால் அதுவும் குற்றம். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் அளவுகோல் தெரிகிறது. எவ்வளவு தேட வேண்டும் என்பதை, பொருளின் மதிப்பும் அதிலுள்ள அடையாளமும் முடிவு செய்கின்றன. சாலையில் பறந்து வந்த பத்து ரூபாய்க்காக யாரும் காவல் நிலையப் படி ஏற வேண்டியதில்லை. ஆதார் அட்டையோடு கிடைத்த பர்ஸையோ, வங்கியின் பெயர் போட்ட உறையில் கட்டாகக் கிடந்த நோட்டுகளையோ 'யாருடையதோ' என்று சொல்ல வாய்ப்பில்லை.

இதெல்லாம் ஏட்டில் சரி, நடைமுறையில் மனிதர்கள் இப்படியா நடந்துகொள்கிறார்கள் என்று கேட்கலாம். அதற்கு ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. அதில் கோவைக்கும் பங்குண்டு. அலைன் கோன் உள்ளிட்ட நான்கு பொருளியலாளர்கள் 40 நாடுகளின் 355 நகரங்களில் 17,000க்கும் மேற்பட்ட பர்ஸ்களை வங்கி, ஓட்டல், தபால் நிலையம், காவல் நிலையம் போன்ற இடங்களில் கொடுத்து, 'தெருவில் கிடந்தது, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். முடிவுகள் 2019இல் 'சயின்ஸ்' இதழில் வெளியாயின. இந்தியாவில் தேர்ந்தெடுத்த எட்டு நகரங்களில் கோயம்புத்தூரும் ஒன்று. இங்கே பணம் வைத்த பர்ஸில் இருந்தது 230 ரூபாய். உலக அளவில், பணமில்லாத பர்ஸ்களில் 40 சதவீதத்துக்கும் பணமிருந்தவற்றில் 51 சதவீதத்துக்கும் உரியவரைத் தொடர்புகொள்ளும் முயற்சி நடந்தது. இந்தியாவில் பணமிருந்த பர்ஸ்களுக்கு, இல்லாதவற்றைவிட ஏறக்குறைய இரு மடங்கு தகவல் வந்தது. பிரிட்டன், அமெரிக்கா, போலந்து ஆகிய மூன்று நாடுகளில் தொகையை இன்னும் கூட்டி வைத்தபோது தகவல் 72 சதவீதம் வரை ஏறியது. பொருளியல் வல்லுநர்களிடம் முன்கூட்டிக் கேட்டபோது, பெரும்பாலோர் இதை எதிர்பார்க்கவில்லை. தொகை கூடினால் ஆசை கூடும் என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் தொகை கூடும்போது, 'இதை வைத்துக்கொண்டால் நான் திருடன்' என்ற எண்ணம் அதைவிட வேகமாகக் கூடுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பர்ஸுக்குள் உரியவருக்கு மட்டுமே பயன்படும் சாவி இருந்தபோதும் தகவல் கூடியது. தொலைத்தவரின் தவிப்பும் எடுத்தவர் மனதில் வேலை செய்கிறது என்பதற்கு அது சான்று.

ஆய்வின் மீது நியாயமான ஒரு மறுப்பு எழுந்தது. பர்ஸுக்குள் இருந்த மின்னஞ்சல் முகவரிக்கு எழுதியவர்களை மட்டுமே அந்த ஆய்வு நேர்மையாளர்களாக எண்ணியது. சீன ஆய்வாளர்கள் தங்கள் நாட்டில் அதே சோதனையைத் திரும்பச் செய்து, 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மின்னஞ்சல் எழுதியவர்கள் குறைவாகவே இருந்தார்கள். ஆனால் நேரில் போய்ப் பார்த்தபோது, முக்கால்வாசிக்கும் மேற்பட்ட பர்ஸ்கள் தொடப்படாமல் அப்படியே பத்திரமாக இருந்தன. இந்த மறுப்பு நம் ஊருக்கு நன்றாகவே பொருந்தும். ஓட்டல் கல்லாவில் பர்ஸை எடுத்து வைத்துவிட்டு, 'ஆராச்சும் வந்து கேட்டா குடுத்தரலாமுங்க' என்று காத்திருப்பவரை நேர்மையற்றவர் என்று சொல்ல முடியாது. அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அவர் தேடவும் இல்லை. பேருந்து பிடித்து ஊர் போய்விட்டவருக்கு, எந்தக் கடையில் பர்ஸ் பத்திரமாக இருக்கிறது என்று எப்படித் தெரியும்? காத்து வைப்பது பாதிக் கடமை. உரியவருக்குச் சேதி எட்டச் செய்வது மீதிப் பாதி.

இனி எதிர்வாதங்கள். முதலாவது நம் மண்ணுக்கே உரியது: கண்டெடுத்த பணத்தைக் கோயில் உண்டியலில் போட்டுவிடுவது, அல்லது அன்னதானத்துக்குக் கொடுத்துவிடுவது. கைப்பட்ட பணத்தைத் தான் அனுபவிக்கவில்லை என்பதால் மனம் சமாதானமாகிவிடுகிறது. இதைச் செய்பவர்கள் நல்லவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனாலேயே இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தானம் செய்ய அந்தப் பணம் நம்முடையதாக இருக்க வேண்டும். திருப்பூர்த் தொழிலாளியின் வாரக் கூலி உண்டியலுக்குள் விழுந்துவிட்டால், அதன்பின் அவர் எங்கே தேடினாலும் அது கிடைக்காது. எடுத்தவர் வீட்டுப் பெட்டியில் இருந்திருந்தால்கூட, என்றாவது ஒருநாள் திரும்பக் கிடைக்க வழியிருந்திருக்கும். சாமி கொடுத்தது என்ற வாதத்துக்கும் இதே பதில்தான்: நமக்குக் கொடுத்த அதே நேரத்தில் இன்னொருவரிடமிருந்து பறித்ததாகவும் ஆகிவிடுகிறதே.

தொலைத்தவர் வசதியானவர், எடுத்தவர் ஏழை என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பசித்த வீட்டுக்காரரிடம் நேர்மை பேசுவது வசதியானவர்களுக்குச் சுலபம். ஆனால் கட்டாகக் கிடக்கும் பணத்தில் உடையவரின் வசதி எழுதியிருப்பதில்லை. தேடிய பிறகுதான் அவர் ஏழையா பணக்காரரா என்பதே தெரியும். ஆக, இந்த வாதம் செல்ல வேண்டுமானாலும் முதலில் தேடியாக வேண்டும். இந்த வாதத்தின் கடைசி எல்லை, தொலைத்தவர் மனிதரே இல்லை, வங்கி என்பது. 2023 செப்டம்பரில் பழனிப் பக்கத்தைச் சேர்ந்த, சென்னையில் வாடகைக் கார் ஓட்டிய ஒருவரின் கணக்கில், தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி தவறுதலாக 9,000 கோடி ரூபாயை வரவு வைத்தது. நம்ப முடியாமல், நிஜம்தானா என்று பார்க்க அவர் நண்பருக்கு 21,000 ரூபாய் அனுப்பினார். சிறிது நேரத்தில் மீதியை வங்கி திரும்ப எடுத்துக்கொண்டது. இதில் ஒரு தனிமனிதருக்கும் வெளிப்படையான நட்டம் இல்லை என்பது உண்மை. ஆனாலும் ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆவது பிரிவு, தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அனுப்பியது வங்கியா, அடுத்த தெருக்காரரா என்று அது பார்ப்பதில்லை. செல்போன் எண் ஒன்று மாறி யுபிஐயில் வந்து விழும் இரண்டாயிரம் ரூபாய்க்கும் இதுவே விதி. அங்கே ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை. தெரியாமல் பணம் அனுப்பிவிட்டேன் என்று அழைப்பவர் மோசடிக்காரராகவும் இருக்கலாம். ஆகவே சொன்ன எண்ணுக்கு உடனே அனுப்பாமல், வங்கியிடம் சொல்லி வங்கி வழியாகவே திருப்ப வேண்டும்.

கணக்கில் வராத பணமாக இருந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்கிறார்கள். தேர்தல் காலத்தில் இந்தக் கேள்விக்கு வலு கூடும். ஆவணமின்றி 50,000 ரூபாய்க்கு மேல் கொண்டு செல்பவரிடம் பறக்கும் படை பணத்தைப் பறிமுதல் செய்கிறது. மாட்டு வியாபாரிகளும் ஜவுளி வியாபாரிகளும் அதில் சிக்கித் திண்டாடுவது ஒவ்வொரு தேர்தலிலும் நடக்கிறது. அவர்களில் ஒருவர் பணத்தைத் தொலைத்தால், உரிமை கோரவே பயப்படுவார். அந்தப் பயத்தை அறிந்து பணத்தை வைத்துக்கொள்வது, கறுப்புப் பணத்தைத் தண்டிப்பதாகாது. மாட்டை விற்று வந்தவரிடம் ரசீது இல்லை என்பதைத் தனக்கு வாய்ப்பாக்கிக்கொள்வதாகத்தான் முடியும்.

மிக வலுவான எதிர்வாதம் வேறு. அது எடுத்தவரின் மனதைப் பற்றியதே அல்ல. 'ஸ்டேஷனுக்குப் போனால் நம்மையே கேள்வி கேட்பார்கள், கொடுத்த பணம் உரியவருக்குப் போகும் என்று யார் கண்டது?' என்று சாதாரண மனிதர்கள் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கத்தை நேர்மைக் குறைவு என்று ஒதுக்குவது அநியாயம். நாம் எடுத்தவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறோம். அவர் நடக்க வேண்டிய வழியைச் செப்பனிடவில்லை. ஜப்பானில் தொலைந்த பொருள்களுக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. எடுத்தவர் தெருமுனைக் காவல் சாவடியில் பொருளை ஒப்படைக்கிறார். உரியவர் வந்தால், எடுத்தவருக்கு 5 முதல் 20 சதவீதம் வரை வெகுமதி உண்டு. மூன்று மாதம் யாரும் வராவிட்டால், பொதுவாகப் பொருள் எடுத்தவருக்கே சொந்தமாகலாம். ஜெர்மனியிலும் எடுத்தவருக்குச் சட்டப்படி ஒரு சிறு பங்கு உண்டு. நேர்மைக்கு விலை வைத்தால் நேர்மை கெட்டுவிடாதா என்று கேட்பவர்கள், நம் சட்டத்தையே ஒருமுறை பார்க்கலாம். ஒப்பந்தச் சட்டத்தின் 168ஆவது பிரிவு, உரியவர் அறிவித்த வெகுமதியைத் தர மறுத்தால், எடுத்தவர் வழக்குத் தொடரலாம் என்று 1872இலேயே சொல்லிவிட்டது. காவல்துறையிடம் சேர்ந்த பொருளுக்கோ, நீதித்துறை நடுவர் அறிவிப்பு வெளியிட்டு ஆறு மாதம் வரை உரிமை கோர அவகாசம் தரும் நடைமுறை இருக்கிறது. அதற்குள் யாரும் வராவிட்டால் அது அரசுக்குப் போகும். ஒப்படைத்தவருக்கு அதில் இடமில்லை.

இந்த விஷயத்தில் அரசால் எதுவும் முடியாது என்பதும் இல்லை. தொலைந்த ஆவணங்களுக்குத் தமிழகக் காவல்துறை இணையவழிப் புகார் வசதி வைத்திருக்கிறது. தொலைந்த செல்போனை முடக்கவும் கண்டுபிடிக்கவும் மத்திய அரசின் பதிவேடு இருக்கிறது. வங்கிகளில் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புத் தொகையைத் தேட, ரிசர்வ் வங்கி 2023இல் உட்கம் இணையதளத்தைத் திறந்தது. தொலைத்தவர் தேட இத்தனை வாசல்கள். எடுத்தவர் வந்து சொல்வதற்கு இப்படி ஒன்றும் இல்லை. கோவை காந்திபுரம், திருப்பூர், ஈரோடு பேருந்து நிலையங்களில் ஒரு சாளரம் போதும். ஒப்படைத்தவருக்கு அங்கேயே முத்திரையிட்ட ரசீது, அதில் தொகையும் நோட்டுகளின் விவரமும். பொது அறிவிப்பில் இடமும் நாளும் மட்டுமே இருக்க வேண்டும், தமிழிலும் இந்தியிலும். தொகையையும் பையின் நிறத்தையும் உரிமை கோருபவர்தான் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகும் யாரும் வராத பணத்தில் ஒரு பங்கை ஒப்படைத்தவருக்குத் தருவதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும்; மற்றவற்றுக்கு ஓர் அரசாணையும், சனிக்கிழமை மாலைகளில் இரவு பத்து மணி வரை அந்தச் சாளரத்தில் உட்கார ஓர் ஆளும் போதும்.