மீட்டர் காட்டும் எண்ணும் அதன் பொருளும்



மேகமலையின் மேல் தேங்கி நிற்கும் நீர், குழாய்களின் வழியே இறங்கிச் சுருளியாறு மின்னிலையத்தின் இயந்திரத்தைச் சுழற்றுகிறது. அந்நிலையத்தின் ஆற்றல் 35 மெகாவாட். முழு ஆற்றலுடன் ஒரு மணி நேரம் இயங்கினால் 35,000 யூனிட் மின்சாரம் கிடைக்கும். அத்தகைய பேராற்றலை நம் வீட்டு வாயிலில் சிறிது சிறிதாக அளந்து காட்டுவது மீட்டர் என்னும் சிறு பெட்டி.

அளப்பது மீட்டர், கணக்கிடுவதோ அலுவலகத்துக் கணிப்பொறி. கணக்கீட்டாளர் கொண்டு வரும் எண்ணை அது பெற்றுக்கொள்கிறதேயன்றி, மீட்டரை அது கண்டதில்லை. ஆகவே எந்த இணைப்பில் எவ்வகை மீட்டர் உள்ளது என்பதை முன்னரே அதற்கு அறிவித்தாக வேண்டும். மீட்டரின் வகையைப் பதிவு செய்தல் என்பது இதுவே. இப்பதிவில் அடங்குவன யாவை?

முதலாவது, ஒருமுனை மின்சாரமா, மும்முனை மின்சாரமா என்பது.

இரண்டாவது, மீட்டரில் எத்தனை இலக்கங்கள் உள்ளன என்பது. ஐந்து இலக்க மீட்டர் 99,999 வரை சென்று மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். சென்ற முறை 99,960, இம்முறை 00045. செலவானது 85 யூனிட் என்று ஐந்தாம் வகுப்பு மாணவனும் சொல்வான். ஆனால் ஆறு இலக்கம் என்று தவறாகப் பதிந்திருப்பின், கணிப்பொறி 9,00,085 யூனிட் என்று கணக்குக் காட்டும்!

மூன்றாவது, பெருக்கும் எண். தேயிலை ஆலை போன்ற இடங்களில் பாயும் பெரிய மின்னோட்டத்தை மீட்டர் நேராகத் தாங்காது. ஆதலால் மின்னோட்ட மாற்றியைக் கொண்டு 200 ஆம்பியரை 5 ஆம்பியராகக் குறைத்து மீட்டருக்கு அனுப்புவர். அங்கே மீட்டர் 150 என்று காட்டினால், 40ஆல் பெருக்கி 6,000 யூனிட் என்று கொள்ள வேண்டும். பெருக்க மறந்தால் வாரியத்துக்கு இழப்பு. சில மீட்டர்களோ இப்பெருக்கலைத் தாமே செய்து காட்டுவன. அவற்றை மீண்டும் பெருக்கினால் ஆலைக்கு இழப்பு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

நான்காவது, திசை. கூரையில் சூரிய மின்தகடு வைத்தவர் மின்சாரத்தைப் பெறுகிறார், தரவும் செய்கிறார். 300 யூனிட் பெற்று 120 தந்தவருக்கு நிகரம் 180. அவருடைய மீட்டருக்கு இரண்டு கணக்குகள் உண்டு என்பதைப் பதிவு செய்யாவிடில், அவர் தந்தது கணக்கில் ஏறாது.

நான் தலைமையாசிரியனாக இருந்தபோது நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். பள்ளியில் பழைய மீட்டரை அகற்றிப் புதியது பொருத்தினர். அதில் ஆறு இலக்கங்கள். கடைசி இலக்கம் மட்டும் சிவப்பு. அது யூனிட்டின் பத்தில் ஒரு பங்கைக் குறிப்பது. முதற் கணக்கெடுப்பில் 004826 என்றிருந்தது. உண்மையில் 482.6 யூனிட். ஆனால் பட்டியல் 4,826 யூனிட்டுக்கு வந்தது. பள்ளியின் சிறு நிதியை எண்ணிக் கலங்கிய நான், கணக்கீட்டாளரை அழைத்துக் கடிந்துகொண்டேன். பின்னர் விசாரித்தபோது உண்மை விளங்கிற்று. அந்த மீட்டர் வகைக்கு ஆறும் முழு இலக்கங்கள் என்று கணிப்பொறியில் பதிந்திருந்தனர். அது ஆறு இலக்கம் கேட்டது. அவர் ஆறு இலக்கம் தந்தார். கண்டதைக் கண்டபடி எழுதியவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டேனே என்று நாணினேன். அவரிடம் வருத்தமும் தெரிவித்தேன்.

இதில் மற்றோர் உண்மையும் உண்டு. வகையை ஒரு முறை பதிந்தால், அவ்வகையைச் சார்ந்த நூற்றுக்கணக்கான மீட்டர்களும் அதனையே பின்பற்றும். வேலை எளிதாகும், ஆனால் பிழை நேர்ந்தால் அதுவும் நூறு வீடுகளில் நுழையும். ஆகவே புதிய வகை மீட்டர் வந்தால், பழைய வகையைத் திருத்தி அதற்குள் இதனை அடக்காமல், தனி வகையாகப் பதிவதே முறை. பதிந்ததும் ஒரே ஒரு மீட்டரைக் கொண்டு கையால் கணக்கிட்டுச் சரிபார்த்தல் நன்று.

நம் பங்கும் உண்டு. மீட்டரை மாற்றும் நாளில் பழையதன் இறுதி எண், புதியதன் தொடக்க எண், இலக்கங்களின் தொகை, பெருக்கும் எண் ஆகிய நான்கையும் மீட்டர் அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக உயர்வது. ஆகவே யூனிட் பத்து மடங்காகத் தவறினால், கட்டணம் பத்து மடங்கோடு நில்லாது.

"ஐந்து" என்று மட்டும் விடை எழுதும் மாணவனை, "ஐந்து என்ன? படியா, மரக்காலா?" என்று கேட்பது ஆசிரியர் வழக்கம். மீட்டர் காட்டும் எண்ணையும் அவ்வாறே கேட்போமாக.