வேலை ஒப்பந்தமும் முன்னறிவிப்பும்

"நாளை முதல் வேலைக்கு வரவேண்டாம்" என்னும் ஒரு வாய்ச்சொல்லால் தோட்டத்திலும் ஆலையிலும் கடையிலும் பிழைப்பு அற்றுப்போனவர் பலர். சம்பளம் வாங்கிய மறுநாள் சொல்லாமற் கொள்ளாமல் வேறிடம் போய்விட்ட ஆளைத் தேடி அலைந்த முதலாளியும் உண்டு. இவ்விருவரையும் ஒரே கோலால் அளக்க எழுந்தது 1955ஆம் ஆண்டின் சட்டம். நாளிதழ்கள் இதனை 'வேலைவாய்ப்புச் சட்டம்' என்று எழுதிவருகின்றன. உண்மையில் இது வாய்ப்பைப் பற்றியதன்று. கிடைத்த வேலையின் நிபந்தனைகளைப் பற்றியது. பெயர் வழக்கூன்றிவிட்டது, போகட்டும்.

அன்றைய மலாயாவில் 1957 ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்த இச்சட்டம், பன்முறை திருத்தம் பெற்று, இன்றும் மேற்கு மலேசியாவிலும் லாபுவானிலும் செல்லுபடியாகிறது. 2023 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த திருத்தம் பெரியது. வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்ததும், பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்ததும் அதனால்தான். முன்பு மாதம் 2,000 வெள்ளிக்கு மேற்பட்ட அலுவலர் பலர் சட்டத்துக்கு வெளியே நின்றனர். இப்போது சம்பளம் எவ்வளவாயினும் வேலையாள் எவரும் உள்ளே வருவர். மிகைநேரக் கூலி போன்ற சில உரிமைகள் மட்டும், உடலுழைப்பாளரல்லாத பலர்க்கு 4,000 வெள்ளியோடு நின்றுவிடுகின்றன.

ஒப்பந்தம் என்றவுடன் முத்திரைத்தாளை நினைப்பவர் உளர். வாய்மொழியும் ஒப்பந்தமே என்கிறது சட்டம். ஆயினும் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலையானால் அதை எழுத்தில் வைக்கவேண்டுவது கடமை. எவ்வாறு அதை முடித்துக்கொள்வது என்பதும் அதில் இருத்தல் வேண்டும். சட்டம் தரும் அளவினும் குறைவான நிபந்தனைக்கு வேலையாள் கையொப்பமிட்டிருந்தாலும், அந்த நிபந்தனை செல்லாது. சட்டத்தின் அளவே அவ்விடத்தில் வந்து நிற்கும். "நீதானே ஒப்புக்கொண்டாய்" என்னும் வாதம் இங்கே எடுபடுவதில்லை.

இனி முன்னறிவிப்பு. நோட்டீஸ் என்று எல்லோரும் வழங்குவது இதுவே. எழுத்தில் கொடுக்கப்படவேண்டும், இரு தரப்புக்கும் காலம் ஒன்றே. ஒப்பந்தத்தில் அக்காலம் எழுதப்படவில்லையானால், இரண்டாண்டுக்குட்பட்ட வேலைக்கு 4 வாரம், ஐந்தாண்டுக்குட்பட்டதற்கு 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம் குறையாமல் வேண்டும். காத்திருக்க மனமில்லாதவர் அக்காலத்துக்குரிய சம்பளத்தைக் கொடுத்துவிட்டு விலகலாம், விலக்கலாம். வேலையாளும் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

முன்னறிவிப்பின்றி நீக்க முதலாளிக்கு ஒரு வழி உண்டு: வேலையாளின் ஒழுங்கீனம். ஆனால் அதற்கு முன் முறையான விசாரணை நடத்தியாகவேண்டும். விசாரணைக்காக இரண்டு வாரம் வரை வேலையிலிருந்து நிறுத்திவைக்கலாம்; அக்காலத்தில் பாதிச் சம்பளமேனும் தரவேண்டும்; குற்றமில்லை என்று முடிந்தால் மீதியையும் தரவேண்டும். வேலையாள் பக்கத்தில் எச்சரிக்கை வேண்டிய இடமும் ஒன்று உண்டு. விடுப்புப் பெறாமலும், தக்க காரணமின்றியும், சொல்லியனுப்பாமலும் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராதவர், தாமே ஒப்பந்தத்தை முறித்தவராகக் கருதப்படுவார். ஊரில் சாவென்று கேட்டு ஓடியவர் ஒரு வார்த்தை சொல்லியனுப்பியிருந்தால் காப்பாற்றப்படுவார். சொல்லாதவர் திரும்பி வந்து வாசலில் நிற்கவேண்டியதுதான்.

தோட்டத்து வாழ்வின் சுவடு இச்சட்டத்தில் அழுத்தமாகப் பதிந்துள்ளது. கள்ளுக்கடை போன்ற இடங்களிலோ, சில்லறைக் கடையிலோ, கேளிக்கை இடங்களிலோ வைத்துச் சம்பளம் கொடுக்கக்கூடாது. அந்த இடத்திலேயே வேலை செய்பவர்க்கு மட்டும் விலக்கு. இன்ன கடையில்தான் சம்பளத்தைச் செலவிடவேண்டும் என்று கட்டளையிடுவதும் குற்றம். முன்பணத்துக்கு வட்டி வாங்கலாகாது. சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் பணம் கைக்கு வந்தாகவேண்டும். இவை வெறும் எழுத்தாகத் தோன்றலாம். கங்காணியிடம் கடன்பட்டு, கடைக்காரரிடம் பற்று வைத்து, சம்பள நாளன்று வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பிய குடும்பங்களை அறிந்தவர்க்கு ஒவ்வொரு விதியின் பின்னும் ஒரு கதை தெரியும்.

இன்னொரு விதி பலர் அறியாதது. தோட்டத்தில் நாட்கணக்கில் கூலி பெறும் தொழிலாளிக்கு மாதத்தில் 24 நாளேனும் வேலை கொடுக்க முதலாளி கடமைப்பட்டவர். வேலை கொடுக்க இயலாமற் போனாலும், கொடுக்கத் தவறினாலும், தொழிலாளி உடல் நலத்தோடு வேலைக்கு ஆயத்தமாக இருந்தால் அந்நாட்களுக்குரிய கூலியைத் தந்தாகவேண்டும். தொழிலாளி தாமே வராத நாள் இக்கணக்கிற் சேராது. ஆகவே பெரட்டுக்கு வந்து பெயர் கொடுப்பது வெறும் சடங்கன்று.

ஆள் மிகுந்துவிட்டதென்றோ தொழிலை மூடுவதாகவோ நீக்கும்போது முன்னறிவிப்பு மட்டும் போதாது. 1980ஆம் ஆண்டு விதிகளின்படி நன்மைத்தொகையும் உண்டு. ஓராண்டாவது வேலை செய்திருக்கவேண்டும். இரண்டாண்டுக்குட்பட்டவர்க்கு ஆண்டுக்குப் 10 நாள் சம்பளம், ஐந்தாண்டுக்குட்பட்டவர்க்கு 15 நாள், அதற்கு மேல் 20 நாள். இருபதாண்டு மரம் சீவியவர்க்கு 400 நாள் சம்பளம் என்று கணக்கு வரும். வேலையோடு குடியிருக்கும் வீட்டையும் இழக்கப்போகும் குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று. தோட்டம் கைமாறினால், புதிய உடைமையாளர் ஏழு நாளுக்குள் பழைய நிபந்தனைக்குக் குறையாமல் வேலை தர முன்வரவேண்டும். வராவிடில் விற்றவரே தொகையைத் தரவேண்டும். தாமாக விலகினவர்க்கு இத்தொகை இல்லை. அதனால்தான் "நீயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போ" என்று நீட்டப்படும் தாளில் கைவைக்குமுன் ஒருமுறைக்கு இருமுறை படிக்கவேண்டியிருக்கிறது.

முறையீடு செய்யும் இடத்திலும் ஒரு குழப்பம் உண்டு. சம்பள பாக்கி, முன்னறிவிப்புப் பணம், நன்மைத்தொகை ஆகியவற்றைத் தொழிலாளர் இலாகா விசாரித்துத் தீர்க்கும். தக்க காரணமின்றி நீக்கப்பட்டேன், மீண்டும் வேலை வேண்டும் என்பவர் செல்லவேண்டியது தொழிலுறவு இலாகாவுக்கு. 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீக்கப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் எழுத்து மூலம் முறையிடவேண்டும். ஓர் இலாகாவில் மனுக் கொடுத்துவிட்டு மற்றதன் தவணையைக் கோட்டை விட்டவர்கள் உண்டு.